நம்பகமான தொழிலாளி

"அப்பா, திட்டக்கூடாது. மொதல்ல சத்தியம் பண்ணுங்க."

மாடசாமி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. செகண்ட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் அவரை மூக்கண்டப்பள்ளி முக்கில் இறக்கிவிட்டபோதே மணி பன்னிரண்டு. உள்ளே மனைவி நிர்மலாவின் குறட்டை. வாசலில் பதினாறு வயது மகள் வினிதா, கையில் போனும் முகத்தில் பயமுமாக நின்றாள்.

"ஏளா, பேயைக் கண்டவ மாதிரில்லா நிக்கே? மார்க்கு கொறஞ்சிட்டா?" ஓசூருக்கு வந்து பத்து வருஷமாகியும் மனிதருடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

"அதுவா இருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்ப்பா. உங்க வேலைக்கே உலை வெச்சுட்டேன்."

ஆறு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவருக்கு அடுத்த மாதம்தான் பர்மனென்ட் ஆர்டர் வரப்போகிறது. அதை நினைத்துத்தான் மத்தியானத்திலிருந்து வினிதாவுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"மெதுவா பேசு, அம்மா முழிச்சிருவா. சோத்தப் போட்டுக்கிட்டே சொல்லு."

சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள்.

"ஆலை ராஜான்னு ஒரு கேம்ப்பா. போன்லயே ஒரு ஃபேக்டரிய நடத்தணும்."

"படிக்கிற பிள்ளைக்குக் கேம் எதுக்குங்கேன்?"

"நான் எங்க ஆடுறேன்? எட்டாவது லெவலுக்கு மேல என் போன் தாங்காது. அந்த கேமைப் பத்தி ரசிகருங்களே சேந்து எழுதுற விக்கி ஒண்ணு இருக்கு. அதுல எழுதுறேன்."

"ஆடாம எப்பிடி எழுதுவ?"

"தேடித் தேடித்தான். வீடியோ பாப்பேன், நாலு பேரக் கேப்பேன். 'நைட் ஷிப்ட்' பக்கத்துக்கு ஆளில்லன்னாங்க. நான்தான் பெருமையா கையத் தூக்கிட்டேன். இருபதாவது லெவல் அது. தொழிலாளிங்களுக்குத் தூக்கம் வந்துடும். சமாளிக்க வழி எங்க தேடியும் கெடைக்கல." ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்பத்தான் நீங்க உங்ககூட வேலை பாக்கற திம்மப்பன் மாமாகிட்ட போன்ல சிரிச்சு சிரிச்சுப் பேசுனது ஞாபகம் வந்துச்சு."

மாடசாமி நிமிர்ந்தார்.

"மூணாவது ரேக்குக்குப் பின்னாடி அட்டைப்பெட்டிய விரிச்சுப் படுக்கறது. கால் கட்டைவிரல்ல நூலக் கட்டி, இன்னொரு முனைய மிஷின்ல நிக்கறவர் கையில குடுத்துடறது. சூப்பர்வைசர் ரவுண்டு வந்தா அவரு நூலச் சுண்டறது..."

மாடசாமிக்குப் புரையேறிவிட்டது. வினிதா அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். கண்ணில் நீர் முட்ட அவளையே பார்த்தார்.

"அத எழுதுனது நீயா?"

"ஊர் பேரு, கம்பெனி பேரு எதுவும் போடலப்பா! ஆனா எத எழுதுனாலும் ஆதாரம் காட்டணும், அது விக்கியில ரூல். அதனால கீழ 'ஆதாரம்: நம்பகமான தொழிலாளி ஒருவர்'னு போட்டேன்."

"நல்லா போட்டே, போ."

"எல்லாரும் சூப்பர்னுதான் எழுதுனாங்க. இன்னிக்கு மத்தியானம் 'கழுகுக்கண்'னு ஒருத்தரு..." போனைப் பார்த்துப் படித்தாள். "'இது கேமில் இல்லாத விஷயம். எந்தக் கம்பெனியில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்ன அந்த நம்பகமான தொழிலாளி யார்? விடிவதற்குள் பெயர் வர வேண்டும். இல்லையென்றால் விஷயம் எச்.ஆர். வரைக்கும் போகும்.'"

மாடசாமி சோற்றில் விரலால் கோலம் போட்டார். "கொஞ்சம் காரமாத்தான் எழுதிட்டான்."

"உங்க புது எச்.ஆர். சாரா இருக்குமோ? எந்நேரமும் போனும் கையுமா இருப்பாருன்னு சொன்னீங்களே."

"சேச்சே, அவரு பாவம். இவன் எவனோ. பயத்துல எழுதியிருப்பான்."

"மிரட்டறவருக்கு என்னப்பா பயம்? நான்தான் பயந்து சாகறேன். எழுதுனதை எடுத்துட்டேன், ஆனா பழசெல்லாம் அந்தப் பக்கத்தோட ஹிஸ்டரில அப்படியே கெடக்கும். அதனால ஒரு முடிவு பண்ணிட்டேன்."

"என்ன முடிவு?"

"காலையில உங்க கம்பெனி கேட்டுக்கே வர்றேன். எல்லாம் என் கற்பனை, எங்கப்பா நைட் ஷிப்ட்ல கண்ணையே மூடமாட்டாருன்னு எச்.ஆர். சார்கிட்ட சொல்லிடறேன்."

"கெடுத்தே போ!"

குறட்டை நின்றது. அப்பாவும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே நிர்மலா புரண்டு படுத்தாள். குறட்டை மறுபடியும் கிளம்பியது.

"நீ எங்கயும் வர வேண்டாம், யாருக்கும் ஒண்ணும் எழுதவும் வேண்டாம்" என்றார் மாடசாமி கிசுகிசுப்பாக. "அந்தக் கழுகுக்கண்ண நான் பாத்துக்கிடுதேன்."

"எப்படி? யாருன்னே தெரியாதே! உங்க ஆர்டர் என்னாலதான்ப்பா போகப்போவுது..." வினிதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மாடசாமி கையைக் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டார்.

வீடே பற்றி எரியும்போது இந்த மனிதருக்குக் குளியல் கேட்கிறதா! வினிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டை எடுத்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தமே கேட்கவில்லை.

அவள் போன்தான் 'டிங்' என்றது. கழுகுக்கண்!

ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெசேஜைத் திறந்து பார்த்தாள்.

'அழாத பிள்ள. திம்மப்பன்தான் வெளியே உளறிட்டான்னு நெனச்சு அப்பா அப்பிடி எழுதிட்டேன். நான் கேம் ஆடுதது மட்டும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.'