காவலில் நித்திரை

"எடுத்தது நான்தான் சேர். அந்த நேரம் இவர் நல்ல நித்திரை."

அபூசாலி சந்தையில் பழகிய சிங்களத்தில் இதைச் சொல்லிவிட்டு, காலடியில் சாக்குச் சுற்றிக் கிடந்த படகு எஞ்சினைக் காட்டினார். கடற்படை முகாமே மூன்று கிழமையாகத் தேடிய எஞ்சின் அது. விசாரணை மேசையில் இருந்த அதிகாரி எஞ்சினைப் பார்த்தார், அபூசாலியைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இன்றோடு மூடிவிடலாம் என்றிருந்த கோப்பு மறுபடி திறந்துகொண்ட அலுப்பு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

சுவரோரம் தொப்பியும் இடுப்புப் பட்டியும் இல்லாமல் நின்றவர் கடற்படைச் சிப்பாய் நிரோசன். சிலாபத்துக் கரைக்காரர், வயது முப்பத்திநாலு, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். களப்புக் கரையோரக் கடற்படைக் காவலரணில் பிடித்து வைத்திருந்த எஞ்சின்களில் ஒன்று அவருடைய காவல் நேரத்தில் காணாமல் போய்விட்டது. நித்திரை கொண்டுவிட்டேன் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நம்புவார் இல்லை. விற்றுவிட்டான் என்றார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்பதால் சந்தேகம் இன்னும் இலேசாக ஒட்டிக்கொண்டது. நித்திரை கொண்டதென்றால் பதினாலு நாள் முகாமுக்குள் அடைப்பு. விற்றதென்றால் வேலையும் போய், சிறையில் மறியலுக்கும் போக வேண்டியதுதான்.

எஞ்சின் அபூசாலியுடையதுதான். தொண்ணூறில் முஸ்லிம்களை எழும்பிப் போகச் சொன்னபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர், புத்தளத்தில் இருபது வருசம் கடலோடு மல்லுக்கட்டி வாங்கிய ஒரே சொத்து. அனுமதிப் பத்திரம் முடிந்துபோயிருந்ததால் பிடித்தார்கள். புதுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நாலு மாதத்தில் ஒன்பது தடவை போனார். ஒவ்வொரு தடவையும் இந்த நிரோசன்தான் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார். மேலிடத்துக் கடிதம் இன்னும் வரவில்லை நானா என்று, அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், நிலத்தைப் பார்த்தபடி சொல்வார்.

பத்தாவது தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். வெயிலுக்கு ஊரே அடங்கிக் கிடந்தது. நிரோசன் மட்டும் மரத்தடிக் கதிரையில் சரிந்து கிடந்தார். அபூசாலி ஒன்றும் யோசிக்கவில்லை. எஞ்சினைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பின்னேரமே நேவிக்காரர்கள் வந்து அவருடைய மீன்வாடிக் குடிசையைப் புரட்டிப் போட்டார்கள். தேங்காய் மட்டைக் குவியலைக் கிளற யாருக்கும் தோன்றவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அபூசாலி கையை விரித்தார். அவர் கையை விரித்த அந்த நிமிசத்திலேயே நிரோசன் கள்வனாகிப் போனார்.

இது காதில் விழுந்த நாளிலிருந்து அபூசாலிக்குச் சோறு இறங்கவில்லை. "உங்கட எஞ்சினத்தானே எடுத்தீங்க, அது களவா?" என்று மனைவி ரபியா கேட்டாள். களவில்லைதான். ஆனால் செய்யாத ஒன்றுக்காக ஒருவனை எழும்பிப் போகச் சொன்னால் எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். விடிந்ததும் எஞ்சினைச் சுற்றுவதற்குச் சாக்கு எடுத்துத் தந்தவளும் அவள்தான்.

அதிகாரி இலேசில் விடவில்லை. இரண்டு பேரும் கூட்டாகச் செய்யவில்லை என்று எப்படி நம்புவது, நித்திரை என்பது உமக்கு எப்படித் தெரியும் என்று மாறி மாறிக் கேட்டார்.

"குறட்டை சேர். வாய் ஆவெண்டு கிடந்தது. சொண்டில ஒரு இலையான் மொய்ச்சு நடந்து திரிஞ்சது, அதக்கூட இவர் தட்டல்ல. பக்கத்தால ஆனை போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

எழுதிக்கொண்டிருந்த இலிகிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரோசன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மனுசனுடைய வேலையைக் காப்பாற்ற அவன் மானத்தை வாங்க வேண்டியிருக்கிறதே என்று அபூசாலிக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் குறட்டையைக் குறைத்துச் சொல்லவில்லை.

அதிகாரி நியாயமான மனுசன்தான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது உன் உரிமை, கேட்க ஏதும் உண்டா என்று நிரோசனிடம் விசாரித்தார். ஒன்றுமில்லை என்றார் நிரோசன். சாட்சி சொன்னது சரியா என்றதற்கு, சரிதான், நல்ல நித்திரை என்றார்.

விற்ற குற்றச்சாட்டில் ஒரு கோடு விழுந்தது. நித்திரைக்குப் பதினாலு நாள். வேலை தப்பியது. பிடித்து வைத்த பொருளை எடுத்ததற்கு அபூசாலியைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும், எஞ்சின் பழையபடி உள்ளே போகும் என்றார் அதிகாரி. எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனபோது அது மறையும்வரை அபூசாலி பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் மூன்று கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசி தெரிந்தது.

பொலிஸ் ஜீப் வரும்வரை அவரை விறாந்தை வாங்கில் இருத்தினார்கள். நிரோசனை அடைப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவன், வழியில் முகம் கழுவக் குழாயடியில் நின்றான். அந்த இடைவெளியில் அபூசாலி எழும்பிக் கிட்டப் போனார்.

"மகன், மனசில வெச்சுக்கொள்ளாதீங்க. குறட்டைய நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்."

நிரோசன் குழாயடியை ஒருதரம் பார்த்துவிட்டு, தமிழில் மெல்லக் கேட்டார்.

"அத விடுங்க நானா. அண்டைக்கு எஞ்சினோட வேலியடியில குப்புற விழுந்தீங்களே, எனக்கு எழும்பி வந்து தூக்கவும் ஏலாமப் போச்சு. முழங்கால் காயம் ஆறிட்டா?"