துண்டு போட்ட இடம்

ஒரே ஒரு கடலாம், அதன் ஓரத்தில் ஒரே ஒரு ஊராம், அந்த ஊரிலிருந்து மணலுக்கு இறங்க ஒரே ஒரு படிக்கட்டாம். மிர்த்தேல்லா என்று பேர். பூட்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலியின் குதிகாலில் இருக்கிறது. ரயில்கூட ஞாபகம் வந்தால்தான் நிற்கும்.

அங்கே ஆகஸ்ட் மாதக் காலையில் கடல் தூங்கும். அலையும் இருக்காது, சத்தமும் இருக்காது. தட்டில் ஊற்றி வைத்த வெளிச்சம் மாதிரி அசையாமல் கிடக்கும்.

அப்படி ஒரு காலையில்தான் அந்தச் சண்டை.

“இதைக் கேட்க ஆளே இல்லையா சார்?” மிலானிலிருந்து வந்த பெண் கையிலிருந்த குடையை மணலில் குத்தினாள். “நாலு நாளா பார்க்கறேன். படிக்கட்டுலேர்ந்து தண்ணி வரைக்கும் ரெண்டு வரிசை துண்டு. ஒரு துண்டுலயும் ஆள் கிடையாது. நாங்க எங்கே உட்காருறது, கடல்லயா?”

நகராட்சிக் காவலர் கோசிமோ மலை ஊர்க்காரர். இங்கே வேலைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கையில் சாக்கு வைத்திருந்தார்.

“யாரோட துண்டு இதெல்லாம்?”

கரையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். வரிசை முடியும் இடத்தில், பாதம் தண்ணீரில் படும்படி மடக்கு நாற்காலி போட்டு எர்சிலியா உட்கார்ந்திருந்தாள். அத்திப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ரேடியோ அலறியது. ஏதோ பழைய காதல் பாட்டு.

“என்னோடதுதான்.”

“பத்துத் துண்டுமா?”

“எனக்கு உடம்பு பெருசு தம்பி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாதுன்னு அங்கே பலகை வச்சிருக்கே, பார்க்கலையா?”

“பார்த்தேனே. நல்ல பலகை. சாயங்காலம் அது மேலதான் துண்டைக் காயப்போடறேன்.”

“அம்மா, அபராதம் போட வேண்டியிருக்கும்.”

“தாராளமா போடுங்க. அரை மணி கழிச்சுப் போடுங்க.”

“அரை மணியில என்ன ஆகிடும்?”

எர்சிலியா கடலைப் பார்த்தாள். ஒரு பழத்தை நீட்டினாள். “வெயில்ல நடந்து வந்திருக்கீங்க, சாப்பிடுங்க.”

“பழத்தைக் குடுத்துச் சரிக்கட்டப் பார்க்கறாங்க சார்!” என்றாள் மிலான்காரி. “அந்த ரேடியோவையும் என்னன்னு கேளுங்க. காது கிழியுது.”

கோசிமோ குனிந்து துண்டுகளை எடுக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. சாக்கு வீங்கியது. மிலான்காரி குடையை இழுத்துவந்து நட்டநடுவில் ஊன்றினாள். கோசிமோ நாற்காலி வரைக்கும் வந்து, அவள் மடியிலிருந்த ரேடியோவை எடுத்து நிறுத்தினார்.

திடீரென்று உலகமே பஞ்சில் பொதிந்த மாதிரி ஆனது.

எர்சிலியா எழுந்துவிட்டாள். பழங்கள் மணலில் உருண்டன. அவள் மட்டுமில்லை. கரையில் இருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லாருமே எழுந்து நின்றார்கள்.

தூரத்தில் ஒரு வெள்ளைக் குல்லா கரையை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தது. அது நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு நிதானமாக, நடுக்கடலைப் பார்த்து நீந்தத் தொடங்கியது.

“போடுங்க தம்பி, பாட்டைப் போடுங்க!” எர்சிலியா அவர் கையைப் பிடித்தாள். “அங்க நீந்துற ஒரோன்ஸோவுக்குக் கண் தெரியாது.”

கோசிமோவின் விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. அவளே பிடுங்கி, முழுச் சத்தத்தில் வைத்தாள். பாட்டு தண்ணீர் மேல் பரவிக்கொண்டே போனது.

வெள்ளைக் குல்லா நின்றது. மெல்ல, மெல்லக் கரைப் பக்கம் திரும்பியது.

“முப்பது வருஷம் இந்தக் கரையில உயிர் காக்கிற வேலை பார்த்தவர்” என்றாள் எர்சிலியா. கண்ணை அந்தக் குல்லாவிலிருந்து எடுக்கவில்லை. “இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேர் அவர் தூக்கிட்டு வந்து போட்டதுங்கதான், நானும் சேர்த்து. பார்வை போனதை மனுஷன் யார்கிட்டயும் சொல்லல. எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. வெளியூர்க்காரங்ககிட்ட சொன்னா ஓடிப்போய்க் கையைப் பிடிப்பாங்க. பிடிச்சாங்கன்னா, அன்னிக்கே கடலை விட்டுடுவார்.”

கோசிமோ சாக்கைக் கவிழ்த்தார். மிலான்காரி அதற்குள் குடையைப் பிடுங்கியிருந்தாள். மூன்று துண்டுகளை அவள்தான் விரித்தாள். கோணலாக விழுந்த ஒன்றைத் திரும்ப வந்து நேராக்கினாள்.

ஒரோன்ஸோ கரையேறினார். வெயிலில் வெந்த உடம்பு, நிமிர்ந்த நெஞ்சு.

“எர்சிலியா! அந்தக் கத்தற பெட்டியைக் கடல்ல வீசித் தொலைக்க மாட்டியா? மீனெல்லாம் செவிடாப் போச்சு!”

“அதான் நீங்க வந்தாலும் ஒண்ணும் நகர மாட்டேங்குதா? போங்க, போங்க!”

கரை முழுக்கச் சிரித்தது. அவர் தலையைத் துவட்டியபடி, சொந்த வீட்டு நடையில் நடப்பதுபோல இரண்டு வரிசைத் துண்டுகளுக்கும் நடுவே, துண்டின் ஓரம் பாதத்தில் உரச, நேராக நடந்து வந்தார்.

படிக்கட்டின் கீழே கோசிமோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஒரோன்ஸோ அவர் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

“புது பூட்ஸ் கிறீச்சுங்குது. நகராட்சியா?”

“ஆமாங்க ஐயா.”

“பாட்டை நிறுத்தினது நீங்கதானே?”

“மன்னிச்சிடுங்க ஐயா, எனக்கு எதுவும்...”

“அது போகட்டும்.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. விடியறதுக்குள்ள பத்து வீட்டுக்காரங்க எழுந்து வந்து துண்டு போட்டுட்டுப் போறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. பாவம், கூச்சப்படுவாங்க.”

பிறகு கடல் பக்கம் திரும்பி, “நாளைக்காவது சத்தத்தைக் குறைச்சு வை, எர்சிலியா!” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அதே பாட்டைச் சீட்டியடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.