தட்டுகிற எஞ்சின்

வாழைச்சேனையில் கராஜ் வைத்திருந்த யோகராசா, அந்தக் கறுப்புக் காரில் வந்தவர்களை யாரென்று கேட்கவில்லை. ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த 2008இல் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எஞ்சின் டக்டக்கென்று தட்டியது.

"ரேஸ் எஞ்சின். ஓட்டத்தில பிழையில்ல. ஆனா எங்க போனாலும் எங்களுக்கு முந்தி இந்தச் சத்தம் போய்ச் சேந்திருது" என்றான் ஒருவன்.

"ஹைட்ரோலிக் லிஃப்டருக்குள்ள ஒயில் ஏறல்ல தம்பி, அதுதான் வால்வு தட்டுது. மற்றவனுகளுக்கு இது ஏலாது. நான் நிப்பாட்டித் தாறன்."

பதினாறு லிஃப்டரையும் கழற்றிக் கழுவிப் பூட்டினார். மூன்றாம் நாள், ஓடுகிற எஞ்சினில் ஸ்க்ரூட்ரைவரை ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். ஒரு தட்டல்கூட இல்லை. வந்தவன் கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனான். யோகராசாவுக்கு அன்று முழுக்கப் பெருமைதான்.

மறுநாள் குருக்கள்மடத்திலிருந்து தங்கை உசாந்தி போன் எடுத்தாள். அவருடைய மகன் கிருஷாந்தை அவள் வீட்டில்தான் ஒளித்து வைத்திருந்தார்கள்.

"அண்ணா, நம்மட புள்ளயத் தூக்கிற்றுப் போயிற்றானுகள். அந்தக் கறுப்புக் கார்தான். ஒவ்வொரு தரமும் அது தெருமுனைக்கு வரக்குள்ளயே டக்டக்கெண்டு கேக்கும். இவன் வீட்டுக்குப் பின்பக்கத்தால ஓடி வாவிக்குள்ள இறங்கிருவான்."

அவள் அழுதாள்.

"இண்டைக்கு மட்டும் ஏன் அண்ணா அந்தச் சத்தம் வரல்ல?"