பக்கத்து வீட்டு வென்னி

"ஊரே மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கு. இந்த அண்ணாச்சிக்கு மட்டும் ஆள் சேத்துக்கிட்டுக் குளியல் கேக்குதாக்கும்!"

ஹெப்சிபா சன்னலைப் படாரென்று சாத்தினாள். மடியில் கிடந்த கைக்குழந்தை ஜோயல் திடுக்கிட்டு வீறிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி வீடு. பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் வைத்திருப்பவர். போன வருஷத்து முதல் ஊரடங்கில், அவர் மூட்டுவலிக்கு வெந்நீர் சிகிச்சைக்குப் போய்வந்த மதுரை ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டியையே வரவழைத்துவிட்டார். பஸ்ஸே ஓடாத ராஜபாளையத்தில் அது வந்து இறங்கியதைப் பார்க்கத் தெருவே மாடியேறி நின்றது.

"சுவிட்சைப் போட்டா தானா சுடுது தாயி, தானா குமிழி விடுது," என்றாள் அவர் மனைவி யோகேஸ்வரி.

"அப்ப அண்ணாச்சியை உள்ள போட்டு, உப்பும் மஞ்சளும் போட வேண்டியதுதான்," என்று ஹெப்சிபாவும் அன்றைக்குச் சிரித்தாள்தான்.

இந்த வருஷம் சிரிக்க முடியவில்லை. இரண்டாவது அலை. அவள் கணவன் ஆல்வினுக்குப் பாசிட்டிவ். மாடி அறையில் அவன், கீழே பிள்ளையோடு அவள், கேட்டில் நகராட்சி ஒட்டிய நோட்டீஸ். சாயங்காலமானால் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு யார் யாரோ வருகிறார்கள். தொட்டியைச் சுற்றி நின்று குளிக்கிறார்கள். ஜோயல் தூங்குகிற அறை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. காற்றில் எது ஏறி வருமோ என்று அவள் சன்னலைச் சாத்திச் சாத்தி வைப்பாள்.

அதிலும் இன்றைக்கா?

காலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் அப்பா பரிபூரணம் போய்விட்டார்.

"தூரத்துல நின்னு ஒரு பிடி மண்ணு மட்டும் போட்டுட்டு வந்துடுறேங்க."

"வாசலைத் தாண்ட விடமாட்டாங்க ஹெப்சி," மாடிப்படியின் உச்சியில் நின்று இருமினான் ஆல்வின். "பிள்ளையை யார்ட்ட குடுத்துட்டுப் போவ? யாரோ தன்னார்வலர்கள் இருக்காங்களாம். அவங்களே அடக்கம் பண்ணிருவாங்க."

யாரோ! அப்பாவின் கடைசி யாத்திரைக்கு யாரோ.

போதாக்குறைக்கு யோகேஸ்வரி போனில் கூப்பிட்டு, "அப்பா எந்தச் சபை தாயி?" என்று விசாரித்தாள். செத்த வீட்டில் கேட்கிற கேள்வியா இது? சபைப் பேரைச் சொல்லிவிட்டு வெடுக்கென்று வைத்தாள் ஹெப்சிபா.

பகலெல்லாம் அழுது முகம் வீங்கிக் கிடந்தவளுக்கு, சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் செம்புச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. யாரோ கெக்கேபிக்கே என்று சிரித்தான்.

"மெதுவாலே! வெளிய கேக்கப் போவுது." அண்ணாச்சியின் குரல்.

ஓகோ, திருட்டுத்தனம் வேறா?

நகராட்சிக்குப் போன் போட்டாள். பேரைச் சொல்லவில்லை. வீட்டு நம்பரைச் சொன்னாள்.

மறுநாள் காலை சுகாதார ஆய்வாளர் வந்தார். ஹெப்சிபா சன்னலை லேசாகத் திறந்துவைத்துக் காது கொடுத்தாள்.

"என்ன சார் இது? ஊரடங்கு நேரத்துல கூட்டம் கூட்டி நீச்சல் குளம் நடத்துறீங்களா?"

"தொட்டிக்குள்ள ஒருத்தனும் எறங்கலீங்க. செம்புல மோந்துதான் ஊத்திக்கிடுதாவ. அம்புட்டுப் பேருக்கும் அடுப்புல வென்னி போட்டு முடியல."

"அவங்க எதுக்கு உங்க வீட்ல வந்து குளிக்கணும்?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஹெப்சிபாவின் சன்னலைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சும்மாதான் சார்."

"முதல்ல தண்ணியைத் திறந்து விடுங்க. இனிமே யாராவது வந்தா கேஸ்தான்."

அண்ணாச்சி குனிந்து அடைப்பைப் பிடுங்கினார். சூடேறிக்கொண்டிருந்த தண்ணீர் ஆவி பறக்கத் தெருச் சாக்கடையில் ஓடியது. அப்பாடா என்று ஜோயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் ஹெப்சிபா.

அப்போதுதான் அவள் போன் சிணுங்கியது. மாடியிலிருந்து ஆல்வின்.

'நேத்து எடுத்த வீடியோவாம். இப்பத்தான் அனுப்பியிருக்காங்க. தைரியமா இருந்தா பாரு.'

வீடியோவைத் தொட்டாள்.

அப்பாவின் சபைக் கல்லறைத் தோட்டம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மூடிய நாலைந்து பேர், பச்சைப்பிள்ளையை இறக்குகிற மாதிரி அப்பாவை இறக்கினார்கள். ஒருவர் செல்போனைப் பார்த்து எழுத்துக்கூட்டி ஜெபம் வாசித்தார். பழகாத நாக்கு. இடையிடையே தடுக்கியது. ஆனாலும் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்து, முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து மண்ணை அள்ளினார்.

"இது ஹெப்சிபா பிள்ளைக்காக."

இன்னொரு பிடி.

"இது பேரனுக்காக."

அந்தக் குரல்! ஹெப்சிபா பக்கத்து வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்தது. போனைப் பிடித்திருந்தவன் அணைக்க மறந்துவிட்டான் போல. படத்தில் வெறும் செம்மண் தரை ஆடியது. பேச்சு மட்டும் கேட்டது.

"வாங்கலே, வீட்ல வென்னி காஞ்சு கெடக்கு. குளிச்சிட்டுத்தான் அவவன் பிள்ளைககிட்டப் போவணும். செத்த மெதுவாப் பேசுங்க, என்னா? பக்கத்துல கைப்பிள்ளைக்காரி இருக்கா. நாம எங்க போயிட்டு வாரோம்னு தெரிஞ்சா, பாவம், பயந்துரும்."