எவர்சில்வருக்குக் கறுப்பு

அன்று மத்தியானம், சித்தூருக்குப் பக்கத்துப் பெருமாட்டி ஊர்ப் பட்டறையில் இருந்தவர்கள் நாலு பேர். மெக்கானிக் சென்னிமலை. அவனுக்குச் சோறு கொண்டுவந்த மனைவி பூவாத்தாள். வேலையில்லாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பக்கத்து டயர்க்கடை காளிச்சாமி. பொள்ளாச்சிக்குப் போகிற வழியில் எஞ்சின் கொதிக்கிறதென்று பச்சை அம்பாசடரை நிறுத்திய ஒரு தடித்த ஆள்.

பூவாத்தாளின் தம்பி மாரப்பன் இல்லை. தேவிகுளம் பக்கம் ஒரு டாக்டரிடம் டிரைவர் வேலைக்குப் போனவன், செய்யாத திருட்டுக்காக எட்டு நாளாக ஜெயிலில் கிடந்தான். மீட்க ஒரு வக்கீல் பிடிக்கக்கூட இவர்களுக்கு வக்கில்லை.

சென்னிமலை பானெட்டைத் தூக்கினான். எஞ்சினிலிருந்து புகை போகிற குழாய் எவர்சில்வரில் பளபளத்தது. குனிந்து, அதில் பத்தவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"குழாய் ஏதுங்க?"

"சீமைச் சாமான். மெட்ராஸில மாட்டினேன்."

"அப்படிங்களா! சூடு பூராவும் வெளிய அடிக்குதுங்க. அதைக் கழட்டி, சூடு தாங்கற கறுப்புப் பூச்சு போட்டாத்தான் பொள்ளாச்சி போய்ச் சேருவீங்க."

"எவர்சில்வர் துருப்பிடிக்காதே. பூச்சு எதுக்கு?"

"துருவுக்கு ஆருங்க பூசறா? சூட்டுக்குங்க. இப்பவே நீலம் பாரிச்சுக் கெடக்குது பாருங்க."

தடித்தவர் யோசித்தார். "சரி, சீக்கிரம் ஆகட்டும்."

பூவாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவர்சில்வரில் பூச்சு நிற்காது, பூசச் சொல்கிறவன் பித்தலாட்டக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் இவன்தான்.

காளிச்சாமி அவள் பக்கம் சாய்ந்தான். "கறுப்படிச்சுட்டா எது எவர்சில்வர், எது இரும்புன்னு எவனுக்குங்கக்கா தெரியும்? மூலையில பழைய இரும்புக் குழாய் கெடக்குது பாருங்க. அண்ணனும் பொழைக்கத் தெரிஞ்சுக்கிட்டாரு!"

செய்யாத திருட்டுக்கு உள்ளே போனவனை மீட்க, செய்கிற திருட்டா? ஆனாலும் தம்பியாயிற்றே.

எஞ்சின் ஆறியதும், கார்புரேட்டரையும் எடுத்த பிறகு குழாய் கழன்று வந்தது. இனி அந்தக் கார் தள்ளினால்தான் நகரும்.

"கறுப்புலயே ரெண்டு தினுசு இருக்குதுங்க. டப்பா உள்ரூம்ல. நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க."

தடித்தவர் உள்ளே போனார்.

காளிச்சாமி கண்ணடித்தான். "இரும்புக் குழாய எடுத்தாரட்டுங்களா?"

"பூட்டை எடுத்துட்டு வா. அப்படியே சைக்கிள மிதிச்சுப் போய் சித்தூர்ப் போலீஸக் கூட்டியா."

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" பூவாத்தாள் பதறினாள்.

"காருக்குப் பச்சை அடிச்சவன் குழாய மாத்தாம உட்டுட்டான் பாரு; உன்ற தம்பி திருடுனதாச் சொல்ற டாக்டர் காருக்கு இதைப் பத்தவெச்சுக் குடுத்ததே நாந்தான், புள்ள!" என்றபடி சென்னிமலை, சீமைச் சாமான்காரருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.