ஒரு சாண் தள்ளி

மனைவியின் கிட்டார் வாசிப்பைப் பதிவு செய்ய மைக் வாங்கிய மறுநாளே அவள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இனி கிட்டாரில் விரல் பழையபடி ஓடாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மைக் பெட்டி பிரிக்காமலே கிடந்தது.

ஞாயிறன்று கணவனுக்கு மனசு கேட்கவில்லை. கிட்டாரை நாற்காலியில் சாய்த்து, அதற்கு ஒரு சாண் முன்னால் மைக்கை நிறுத்தி, அறையின் இரைச்சல் எவ்வளவு என்று பார்க்க ஒரு நிமிடம் பதிவு செய்தான்.

போட்டுக் கேட்டால், கிட்டார் ஒலித்தது. அவள் வாசிப்பேதான், முடிவு நெருங்கினால் அவசரப்படுவாளே, அதுகூட இருந்தது. பாட்டு மட்டும் புதிது, அவள் இதுவரை வாசித்தே இராதது. கடைசியில் அவள் குரல்: "சத்தம் ரொம்பக் கும்முனு அடைக்குதுங்க. இன்னும் ஒரு சாண் தள்ளி வைங்க."

அவளோ சமையலறையில் ஒற்றைக் கையால் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன உருட்டுறீங்க?"

"ஒண்ணுமில்ல, மைக்குக்கு இடம் பாக்குறேன்."

ஒரு சாண் தள்ளி வைத்தான். பிறகு ஸ்டாண்டின் மூன்று கால்களும் நின்ற இடத்தில், அவள் மறுபடி வாசிக்க உட்காரும் நாள்வரை பெருக்கித் துடைத்தாலும் போகாதபடி, தரையில் டேப்பை அழுத்தி ஒட்டினான்.