மானுக்கு என்ன வயசு

மலாய் நாட்டு ஜெலுத்தோங்கில் பெண் பார்க்கப் போன வேதநாயகத்துக்கு முதலில் காட்டப்பட்டது ஒரு மான்.

பெண்ணின் அப்பா மைக்கேலுக்கு ஒரு விலங்கு வியாபாரியிடம் வேலை. காலையில்தான் மதராஸ் கப்பலில் அந்தக் காட்டு மான் வந்திறங்கியிருந்தது. முதலாளி அதன் வயதைக் கேட்டனுப்பியிருந்தார்.

வயது பார்ப்பது அந்த வீட்டில் மகள் டோரதியின் வேலை.

கால்கள் கட்டப்பட்டுக் கிடந்த மானின் பக்கத்தில், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். பார்த்த கணமே வேதநாயகத்துக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடமாவது அமையட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டார். ஏற்கெனவே மூன்று வீடுகள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தன. வயது போதாது என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை.

"மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு," என்றாள் அவருடைய அக்காள் சவுந்தரம். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

டோரதி திருகுக் கொம்பைத் தடவினாள்.

"கொம்பு ஒடியும், தேயும். நம்ப முடியாது லா. நிறத்தைப் பாருங்கப்பா. ஆம்பளைக்கு வயசு ஏற ஏறத்தான் கறுக்கும்."

வேதநாயகம் அன்று காலைதான் மீசைக்கு மை பூசியிருந்தார்.

"வித்தவன் மூணு வயசுன்னு சொன்னானேம்மா," என்றார் மைக்கேல்.

"தள்ளிவிடுறவன் குறைச்சுத்தான் சொல்வான்," என்றாள், சவுந்தரத்தைப் பார்க்காமல்.

பிறகு மானின் வாயைப் பிளந்து விரலை விட்டாள். "பல்லு பொய் சொல்லாது. ஏழு வயசு இருக்கும்."

வேதநாயகம் வாயை இறுக மூடிக்கொண்டார். கடைவாயில் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு மைக்கேல் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

"தம்பிக்குக் கூச்சம்," என்றாள் அக்காள்.

டோரதி நிமிர்ந்தாள். மீசையைப் பார்த்தாள். மூடிய வாயைப் பார்த்தாள். கை கழுவ உள்ளே போனாள்.

நாலாவது வீடும் போயிற்று என்று நினைத்தார்.

டோரதி பலகாரம் கொண்டுவந்தாள். மைக்கேலுக்கும் சவுந்தரத்துக்கும் கல் போன்ற கடலை மிட்டாய். அவர் தட்டில் மட்டும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த மலாய்ப் பலகாரம். நாக்கில் வைத்ததும் கரைந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தட்டு வந்திருக்கிறது!

"நீயும் சாப்பிடேம்மா," என்றார் மைக்கேல், மகள் பக்கம் கடலை மிட்டாயைத் தள்ளி.

பெண்ணுக்கு இருபத்துநான்கு என்று தரகர் சத்தியம் செய்திருந்தார்.

டோரதி கடலை மிட்டாயை ஒதுக்கிவிட்டு, வேதநாயகத்தின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவளும் மெல்லவில்லை.